எழுத்தில் மட்டுமா, எல்லாவற்றிலுமா?

மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் போன்ற ஒரு மீனவ ஊர். மூன்றாம் வகுப்பு. இரண்டு பிள்ளைகளைக் கற்பனை செய்துகொள்வோம். பையன் ஓரிடத்தில் உட்காருவதில்லை. தமிழ்ப் புத்தகத்தை எடுக்கச் சொன்னதும் தண்ணீர் குடிக்கப் போகிறான், பென்சில் சீவுகிறான், பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுகிறான். பெண் பிள்ளையோ சத்தமே போடாது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே எங்கோ பார்த்தபடி இருக்கும். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள் அல்லவா, இருவரும் இன்னும் அரும்பிலேயே நிற்கிறார்கள். டீச்சர் பையனுடைய அம்மாவிடம் “கவனமே இல்லம்மா, ஒரே வாலு” என்கிறார். பெண்ணின் பாட்டியிடம் “சாதுதான் ஆயா, ஆனா படிப்பு ஏறல” என்கிறார்.

இதை மட்டும் கேட்டால் பையனுக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவுக் கோளாறு, பெண்ணுக்கு டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு என்றுதான் நம்மில் பலரும் ஊகிப்போம். நான் கற்பனை செய்திருப்பது நேர்மாறாக. வாசிக்க வராததால்தான் பையன் ஓடுகிறான். வாசிக்கத் தெரிந்தும் மனம் நிலைக்காததால்தான் பெண் பின்தங்குகிறாள். இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் பையனுக்குத் தேவையில்லாத மாத்திரையும், பெண்ணுக்குத் தேவையில்லாத அ, ஆ பாடமும் போய்ச் சேரும். இருவருக்கும் இரண்டு, மூன்று வருடம் வீணாகும். எட்டு வயதில் அது பெரிய நஷ்டம்.

வகுப்பறையில் வேறுபாடு எப்படித் தெரியும் என்று பக்கத்தில் போய்ப் பார்ப்போம். வாசிக்க வேண்டிய வரி இது: ‘பாத்தியில் தண்ணீர் வற்ற வற்ற உப்பு விளையும்.’

பையன் விரலை வைத்துத் தொடங்குகிறான். “ப... பா... பத்தி... பத்தியில்.” அடுத்த சொல்லின் முதல் எழுத்தைப் பார்த்ததும் “தண்ணி” என்கிறான். ‘வற்ற’ வந்ததும் வண்டி நின்றுவிடுகிறது. “வா... வறறா...” நெற்றி சுருங்குகிறது. அதே சொல் இரண்டாம் முறை வரும்போதும் முன்பு பார்த்தே இராத சொல்லைப்போல் மறுபடி முதலிலிருந்து கூட்டுகிறான். ‘உப்பு’ பட்டென்று வந்துவிடுகிறது. அது ஊரெல்லாம் பலகையில் எழுதியிருக்கிற சொல். கடைசிச் சொல்லில் ‘வி’ என்ற எழுத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்து, “உப்பு விலை!” என்கிறான். டீச்சர் விரல் வைத்துக் காட்டி “நல்லாப் பாரு” என்றாலும், பார்க்கிறான், மீண்டும் அதே தவறுதான் வருகிறது.

அந்த ‘விலை’யை நான் சாதாரணமாகக் கடந்துபோக மாட்டேன். உப்பள வேலைக்குப் போகிறவர்கள் இருக்கும் ஊரில் உப்பு என்ற சொல்லுக்குப் பிறகு விலை என்று வருவதில் முழு நியாயம் இருக்கிறது. எழுத்து கைகொடுக்காத இடத்தைப் பையன் தன் புத்தியால் நிரப்புகிறான். மந்தமான பிள்ளை செய்யும் காரியம் அல்ல இது.

பெண்ணிடம் அதே வரி. “பாத்தியில் தண்ணீர் வற்ற உப்பு விளையும்.” தடையே இல்லை, ஆனால் ஒரு ‘வற்ற’ காணாமல் போய்விட்டது. அடுத்த வரியை விட்டுவிட்டு அதற்கடுத்த வரிக்குத் தாவுகிறாள். டீச்சர் விரல் வைத்துக் காட்டினால் உடனே “வற்ற வற்ற” என்று சரியாகத் திருத்திக்கொள்கிறாள். முதல் பத்தியில் ஒரு தவறும் இல்லை, நாலாம் பத்தியில் ஏழெட்டு. எழுத்து அவளுக்குத் தெரியும். அதன்மேல் அவள் தங்கவில்லை.

இப்போது டீச்சரே பாடம் முழுவதையும் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுக் கேள்வி கேட்கட்டும். பையன் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்கிறான். மழை வந்தால் உப்பு வார முடியாது என்று பாடத்தில் இல்லாததையும் சேர்த்துச் சொல்கிறான். பெண் மூன்றாவது வாக்கியத்திலேயே பாடத்தைவிட்டு வெளியே போய்விட்டாள். காதால் கேட்பதும் அவளிடம் தங்கவில்லை. வாசித்ததில் இருவருமே குறைந்த மதிப்பெண்தான் வாங்கினார்கள். கேட்டதில் இருவரும் பிரிந்துவிட்டார்கள். பையனுக்குச் சிக்கல் எழுத்தில். பெண்ணுக்குச் சிக்கல் எழுத்திலும் உண்டு, எழுத்து இல்லாத இடத்திலும் உண்டு. ஒரு பைசா செலவில்லாமல், எந்தக் கருவியும் இல்லாமல், பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளக்கூடிய அடிப்படை வேறுபாடு இது. நோயை உறுதிசெய்ய இது போதாது. எந்தப் பக்கம் தேடவேண்டும் என்று காட்ட இது போதும்.

டிஸ்லெக்சியா என்றால் எழுத்துகள் கண்முன் நடனமாடும், தலைகீழாகத் தெரியும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 2007இல் வந்த ‘தாரே ஜமீன் பர்’ இந்தக் குறைபாட்டின் பெயரை இந்தியா முழுக்கக் கொண்டுபோனது. அதற்கு நாம் நன்றி சொல்லவேண்டும். எழுத்து ஆடுவதுபோல் அதில் வந்த காட்சியும் அந்த நன்மையோடு சேர்ந்தே மனத்தில் பதிந்துவிட்டது. எழுதப் பழகும் வயதில் எழுத்தைத் திருப்பிப் போடாத குழந்தையே இல்லை. டிஸ்லெக்சியாவின் வேர் பெரும்பாலும் கண்ணில் இல்லை, ஒலியில் இருக்கிறது. பேச்சு நம் காதில் தொடர்ச்சியாக ஓடுகிறது. அதைச் சிறு ஒலிகளாகப் பிரித்து, ஒவ்வோர் ஒலிக்கும் ஓர் எழுத்தைப் பொருத்தி, மறுபடி சேர்த்துச் சொல்லாக்குவதே வாசிப்பு. ‘நண்டு, வண்டு, சங்கு: இதில் எது சேராதது?’ என்று ஐந்து வயதில் கேட்டால் பெரும்பாலான குழந்தைகள் சங்கு என்று சொல்லிவிடும். ‘கடல் என்பதில் முதல் எழுத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?’ என்றால் சிரித்துக்கொண்டே “டல்” என்னும். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு எழுத்தைக் கண்ணால் காணும் முன்பே இந்த விளையாட்டு கடினமாக இருக்கும்.

தமிழ் எழுத்து இதில் தன் பங்குக்குச் சில சுமைகளை வைக்கிறது. 247 எழுத்துகள் என்பது எண்ணிக்கை. அதைவிடப் பெரிய சிரமம் அவற்றின் அமைப்பு. ‘நெத்திலி’ என்ற சொல்லில் கண் முதலில் காண்பது கொம்பை. வாய் முதலில் சொல்லவேண்டியது ‘ந்’ என்ற ஒலியை. ‘கொடுவா’ என்றால் கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் மெய். தினமும் கொடுவா மீனைப் பார்க்கும் பிள்ளை அதைக் ‘கெடுவா’ என்று வாசித்தால் அந்தக் காலை விட்டுவிட்டது என்று பொருள். ஒரே ‘ப’, பல் என்பதில் ஓர் ஒலி, கம்பு என்பதில் வேறோர் ஒலி. குறில் நெடில், புள்ளி, ல-ள-ழ, ர-ற எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. நம்மோடு அமைப்பில் நெருங்கிய கன்னட எழுத்தைப் பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்த சோனாலி நாக், முழு எழுத்துத் தொகுதியும் கைவர நாலாம், ஐந்தாம் வகுப்புவரை ஆகும் என்று காட்டினார். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, அதை வைத்துச் செய்த சோதனையை அப்படியே இங்கே கொண்டுவந்து போட்டு, இரண்டாம் வகுப்பில் எல்லா உயிர்மெய்யும் வரவில்லையே என்று ஒரு பிள்ளைக்குக் குறைபாட்டு முத்திரை குத்துவது பெரிய அநியாயம்.

இன்னொன்றையும் ஆசிரியர்கள் மனத்தில் வைக்கவேண்டும். ‘வந்தார்கள்’ என்று அச்சில் இருப்பதை “வந்தாங்க” என்று வாசிக்கும் பிள்ளை தவறு செய்யவில்லை. எழுத்தைப் பிரித்து, பொருளைப் பிடித்து, வீட்டில் பேசும் தமிழில் சொல்லியிருக்கிறது. ‘வந்தார்கள்’ என்பதை “வாத்தர்” என்று வாசித்தால்தான் கவலைப்படவேண்டும். இதற்கு நல்ல சோதனை, பொருளே இல்லாத சொற்களைக் கொடுப்பது: ‘கேதுமா’, ‘நொபிலி’, ‘தமிகூ’. இவற்றை ஊகிக்க முடியாது, மனப்பாடமும் உதவாது. நம் பையன் இதில் திணறிப்போவான். பெண் முதல் நாலைந்தைச் சரளமாகப் படித்துவிட்டு, பிறகு சலித்துப்போய்க் கடைசியில் தப்புவிடுவாள்.

கவனக்குறைவுக் கோளாறு வேறு இடத்தில் பிறக்கிறது. எதைக் கவனிக்கவேண்டும், எவ்வளவு நேரம், எதை இப்போதைக்குத் தள்ளிவைக்கவேண்டும், கை துறுதுறுத்தாலும் எப்போது பொறுக்கவேண்டும் என்பதையெல்லாம் நடத்துவது மூளையின் முன்பகுதியும் அதோடு இணைந்த உட்பகுதிகளும். 2007இல் ஃபிலிப் ஷா என்பவரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் குழந்தைகளின் மூளைப் படங்களை வருடக்கணக்கில் எடுத்து ஒப்பிட்டார்கள். மூளைப் புறணியின் பாதி இடங்கள் உச்சத் தடிப்பை எட்டும் வயது மற்றக் குழந்தைகளுக்குச் சராசரியாக ஏழரை. இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பத்தரை. வளர்ச்சியின் வரிசை மாறவில்லை, தாமதம்தான். இதைக் கேட்டுவிட்டு யாரும் பிள்ளைக்கு மூளை ஸ்கேன் எடுக்க ஓடவேண்டாம். கூட்டமாகப் பார்க்கும்போது தெரியும் இந்த வேறுபாடு ஒரு தனிக் குழந்தையின் படத்தில் தெரியாது. இந்த இரண்டு குறைபாடுகளில் எதையும் ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ சொல்லிவிடாது.

ஆகவே மருத்துவர்கள் நம்பியிருப்பது பிள்ளையின் கதையை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013 கையேட்டின்படி, கவனக்குறைவுக்கான ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஆறு இருக்கவேண்டும், அல்லது மிகை இயக்கத்துக்கான ஒன்பதில் ஆறு. ஆறு மாதமாவது நீடித்திருக்கவேண்டும். பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்கவேண்டும். இவற்றையெல்லாம்விட நமக்குப் பயன்படுவது அடுத்த நிபந்தனை: இரண்டு வெவ்வேறு இடங்களிலாவது தெரிந்திருக்கவேண்டும். பள்ளியில் மட்டும், அதுவும் புத்தகம் திறந்த நேரத்தில் மட்டும் வரும் துறுதுறுப்பு இந்தக் கணக்கில் சேராது.

எனவே வீட்டில் கேட்கவேண்டும். கடைக்குப் போய்ச் சர்க்கரை, தீப்பெட்டி, எண்ணெய் வாங்கி வரச் சொன்னால் பெண் தீப்பெட்டியோடு மட்டும் திரும்புகிறாளா? செருப்பை எங்கே விட்டாள் என்று தினமும் தேடுகிறாளா? விளையாட்டில் தன் முறை வரும்வரை என்ன செய்கிறாள்? பள்ளிக்கூடமே சேராத மூன்று, நான்கு வயதில் எப்படி இருந்தாள்? பையனைப் பற்றி வேறு கேள்விகள். பேச்சு தாமதமாக வந்ததா? பெயர்களை மாற்றிச் சொல்வானா? வீட்டில் வேறு யாருக்காவது வாசிப்பு வராமல் போனதா? டிஸ்லெக்சியா குடும்பவழியில் வருவது. அப்பா பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் படகேறியவர் என்றால் வறுமைதான் காரணம் என்று எல்லோரும் முடிவுகட்டியிருப்பார்கள். அவருக்கும் இதே சிக்கல் இருந்திருக்கலாம் என்று யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பையனோ அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வலை பின்னுவான், கண்ணி தப்பாது. அங்கே அவனுக்குக் கவனம் குறைவதே இல்லை.

இந்த இடத்தில் பலரும் எதிர்த் திசையில் வழுக்குகிறார்கள். “செல்லுல மூணு மணி நேரம் கேம் விளையாடுறாளே, அவளுக்கா கவனக்குறைவு?” என்று கேட்பார்கள். நொடிக்கு நொடி பரிசு கொடுக்கும் ஒன்றில் மூழ்குவது இந்தக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கும் முடியும். சலிப்பான, ஆனால் செய்தே ஆகவேண்டிய வேலையில் மனத்தை நிறுத்துவதுதான் அவர்களுக்கு முடியாதது. வலை பின்னுவது கேமைப்போல் அல்ல. ஒரே அசைவு, திரும்பத் திரும்ப. அதனால்தான் பையனின் வலைக்கு இருக்கும் சாட்சி மதிப்பு பெண்ணின் செல்போனுக்கு இல்லை. பெண் பிள்ளைகளிடம் மிகை இயக்கம் இல்லாமல் கவனக்குறைவு மட்டும் இருப்பது அதிகம். தொந்தரவு கொடுக்காத பிள்ளையை யார் மருத்துவரிடம் அனுப்பப்போகிறார்கள்? உலகம் முழுக்க அவர்கள் விடுபட்டுப்போவது இதனால்தான்.

இரண்டு குறைபாடுகளும் மருத்துவ எழுத்தில் தனித்தனி வாசல் வழியாக நுழைந்தவை. 1896 நவம்பரில் இங்கிலாந்தின் சீஃபோர்டு என்ற கடற்கரை ஊரைச் சேர்ந்த பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர், பெர்சி என்ற பதினான்கு வயதுச் சிறுவனைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். கணக்கில் தேர்ந்தவன், தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதுகிறான். பாடமெல்லாம் வாய்மொழியாக இருந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல் என்று ஆசிரியர் சொன்னதாகவும் மார்கன் பதிந்திருக்கிறார். ஆறாண்டு கழித்து, 1902இல், லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், புத்தி குறையாமலே தன்னை அடக்க முடியாத குழந்தைகளைப் பற்றி மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். இந்த இரண்டிலிருந்தும் தனித்தனியே இரண்டு துறைகள் வளர்ந்தன. ஒரு துறையினர் மற்றதை அதிகம் எட்டிப்பார்க்கவில்லை.

எட்டிப்பார்த்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க உளவியலாளர் புரூஸ் பென்னிங்டன். என் கண்ணில், இந்தத் துறையின் மிக அழகான அறிவியல் கதை அவருடையது. 1993இல் அவரும் இரு சகாக்களும் நான்கு குழுக்களாகக் குழந்தைகளைச் சோதித்தார்கள்: வாசிப்புக் குறைபாடு மட்டும், கவனக் கோளாறு மட்டும், இரண்டும், எதுவுமில்லை. வாசிப்புக் குழு ஒலிப் பணிகளில் தோற்றது. கவனக் குழு திட்டமிடல், அடக்கிக்கொள்ளல் சார்ந்த பணிகளில் தோற்றது. இரண்டும் உள்ள குழு வாசிப்புக் குழுவைப்போலவே நடந்துகொண்டது. எனவே பென்னிங்டன் ஒரு கருத்தை முன்வைத்தார்: இவர்களின் கவனக்குறைவு உண்மையான கோளாறு இல்லை, வாசிக்க முடியாத விரக்தியிலிருந்து பிறந்த போலி. நம் பையனின் கதையேதான். கேட்டதும் மனம் ஒப்புக்கொள்ளும் விளக்கம் இது.

ஆனால் பெரிய குழுக்களை வைத்துச் சோதித்தபோது அது நிற்கவில்லை. பென்னிங்டனோடு சேர்ந்து உழைத்த எரிக் வில்கட் கொலராடோவில் இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், இரண்டும் உள்ள குழந்தைகளிடம் இரண்டு வகைப் பலவீனங்களும் உண்மையாகவே இருந்தன. ஒரு கருவிலிருந்து பிரிந்த இரட்டையரையும் இரு கருவில் வளர்ந்த இரட்டையரையும் ஒப்பிட்டபோது, இரண்டு குறைபாடுகளும் சேர்ந்து வருவதில் பொதுவான மரபணுக்களுக்குப் பங்கு இருப்பது தெரிந்தது. எழுத்தையும் எண்ணையும் வேகமாகக் கையாளும் திறனில் இரு குழுவினருமே பின்தங்கினார்கள். பென்னிங்டன் தன் பழைய கருத்தைக் கைவிட்டு, 2006இல் புதிய சட்டகத்தை எழுதினார்: ஒரு குறைபாட்டுக்கு ஒரே காரணம் என்பதை விட்டுவிட்டு, பல பலவீனங்கள் பல விதமாகச் சேர்வதாகப் பாருங்கள், அவற்றில் சில பொதுவானவை.

வகுப்பறைக்கு இதன் பொருள் என்ன? டிஸ்லெக்சியா உள்ளவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவரிலிருந்து ஐந்தில் இருவர்வரை கவனக் கோளாறும் உள்ளவர்கள். மறுதிசையிலும் கிட்டத்தட்ட அப்படியே. ஆகவே ஒரு பெயர் கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடக் கூடாது. நான் கற்பனை செய்த பையனும் பெண்ணும் இரு ஓரங்கள். நடுவில் இரண்டும் கலந்த மூன்றாவது பிள்ளை ஒன்று அதே வகுப்பில் உட்கார்ந்திருக்க நிறையவே வாய்ப்புண்டு. அந்தப் பிள்ளை பொருளற்ற சொல்லிலும் திணறும், கேட்ட கதையிலும் வழிதவறும். இரண்டு சோதனையும் செய்யாமல் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டுமே இல்லாத பிள்ளைகளும் உண்டு. கடற்கரை ஊர்களில் இதை இன்னும் பொறுமையாகப் பார்க்கவேண்டும் என்பேன். முதலில் கண்ணும் காதும். காதில் சீழ் வந்து வந்து போகும் பிள்ளைக்குப் பாதிப் பாடம் கேட்காது. ஒலிகளின் நுட்பம் பிடிபடாது. பார்ப்பவருக்குக் கவனமில்லாததுபோல் இருக்கும். ரத்தசோகை, தூக்கக் குறைவு. விடியுமுன்பே கடலுக்கோ உப்பளத்துக்கோ கிளம்பும் வீட்டில் பிள்ளையின் தூக்கமும் கலையும். வலிப்பில் ஒரு வகை இருக்கிறது: பிள்ளை சில நொடி அப்படியே உறைந்து, இமை லேசாகத் துடித்து, கூப்பிட்டாலும் தொட்டாலும் தெரியாமல், பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தொடரும். கனவு காணும் பிள்ளையைத் தொட்டால் திரும்பும், இந்தப் பிள்ளை திரும்பாது. இதற்கு நல்ல மருந்து உண்டு. அடையாளம் கண்டால் போதும்.

துக்கமும் கவனத்தைத் தின்னும். 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் பத்துக்கும் மேற்பட்டவர்களின் உயிரைப் பறித்தது. அப்படி அப்பாவையோ மாமாவையோ இழந்த ஒரு பிள்ளை ஜூனில் வகுப்புக்கு வந்து எங்கோ வெறித்துக்கொண்டிருந்தால் அதற்குக் கோளாறு என்று பெயர் வைக்கக் கூடாது. எப்போது தொடங்கியது என்ற கேள்வி இதற்காகத்தான்.

கற்பிக்கப்படாததும் காரணமாகலாம். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அதற்கு ஐந்து நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று, கொரோனாக் கால இழப்பை ஈடுகட்டும் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தை முதல்வர் தொடங்கிவைத்தது இதே மரக்காணம் பகுதியில், முதலியார்குப்பத்தில். பள்ளி மூடியிருந்த அந்த இடைவெளியில் முதல் வகுப்பைத் தவறவிட்ட பிள்ளைக்கு எழுத்து வராமல் போனால் அது மூளையின் தவறாகாது. இதைப் பிரித்தறிய ஒரே வழி கற்பித்துப் பார்ப்பது. மூன்று நான்கு மாதம், தினமும், சிறு குழுவில், ஒலியும் எழுத்துமாக முறையாகக் கற்பித்தால் வாய்ப்பு கிடைக்காத பிள்ளை விறுவிறுவென மேலேறும். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையும் ஏறும், ஆனால் மெதுவாக, பிடித்துப் பிடித்து.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. டிஸ்லெக்சியா உள்ளிட்ட கற்றல் குறைபாடு முதன்முறையாக அதில் இடம்பெற்றது. 2018 ஜனவரியில் வந்த வழிகாட்டுதல்கள், கண், காது, அறிவுத்திறன் சோதனைகளுக்குப் பிறகு, பெங்களூரு நிம்ஹான்ஸ் உருவாக்கிய தேர்வுத் தொகுப்பைக் கொண்டு மதிப்பிடவேண்டும் என்றன. எட்டு வயது நிறைந்தபின்தான் சான்றிதழ் என்றும் அவை சொல்லின. அது இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் கிடைக்கும். கவனக்குறைவுக் கோளாறு அந்த 21இல் தனியாக இல்லை. நம் பெண்ணுக்குச் சட்டத்தின் பட்டியலில் பெயரே கிடையாது. இது சரிசெய்யப்படவேண்டிய குறை என்று உறுதியாக நினைக்கிறேன்.

எட்டு வயது என்பது சான்றிதழுக்கான வயது, உதவிக்கான வயது அல்ல. ‘எட்டு ஆகட்டும் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுவதற்கு எந்த அறிவியலும் ஆதரவாக இல்லை. ஆறு வயதில் தரும் ஒலிப் பயிற்சி டிஸ்லெக்சியா இல்லாத பிள்ளைக்கும் கெடுதல் செய்யாது.

யாரிடம் போவது? 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வருகின்றன. அவர்கள் பார்க்கவேண்டிய பட்டியலில் கற்றல் குறைபாடும் கவனக் கோளாறும் இரண்டுமே இருக்கின்றன. குழு வரும் நாளில் எடை, உயரம், பல்லோடு முடிந்துவிடாமல் இந்தப் பிள்ளையைப் பாருங்கள் என்று ஆசிரியர் சொல்லவேண்டும். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். அதற்கு மேல் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரியில் ஜிப்மர். புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து ஏறினால் போய்விடலாம். ஆனால் அன்றைய கூலி போகும், ஒரே நாளில் முடியாது, மறுபடி வரச் சொல்வார்கள். எனவே முதல் முறை போகும்போதே கையில் உருப்படியான குறிப்போடு போவது பெரிய உதவி.

அந்தக் குறிப்பில் ‘கவனம் இல்லை’ என்று எழுதினால் மருத்துவருக்கு ஒன்றும் தெரியாது. ‘வாசிக்கும்போது மட்டும் எழுந்துபோகிறான், கணக்கை வாயால் சொன்னால் உட்கார்ந்து போடுகிறான், பாத்தியைப் பத்தி என்கிறான், காட்டினாலும் திருத்திக்கொள்ளவில்லை, படித்துக் காட்டினால் எல்லாம் சொல்கிறான்’ என்று எழுதினால் பாதி வேலை முடிந்தது. பெண்ணுக்கு: ‘எழுத்துக் கூட்டத் தெரியும், வரி விடுகிறாள், கதை கேட்கும்போதும் மனம் போய்விடுகிறது, வீட்டிலும் மூன்று பொருள் சொன்னால் ஒன்று வாங்கி வருவதாகப் பாட்டி சொல்கிறார்.’ கூடவே இரண்டு நோட்டுப் புத்தகங்கள், திருத்தாமல்.

மருந்து பற்றி ஒரு சொல். டிஸ்லெக்சியாவுக்கு மாத்திரை இல்லை. ஒலியையும் எழுத்தையும் கண், காது, வாய், கை எல்லாம் சேரப் படிப்படியாகக் கற்பிப்பதுதான் சிகிச்சை. சென்னையில் 1990களின் தொடக்கத்திலிருந்து மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் ஆசிரியர்களுக்கு இதைத்தான் பயிற்றுவித்துவருகிறது. கவனக் கோளாறுக்கு மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்துகள் உண்மையிலேயே வேலை செய்கின்றன. மனநல மருத்துவர் அல்லது குழந்தை மருத்துவரின் கண்காணிப்பில் கொடுக்கவேண்டியவை; இந்தியாவில் கடும் கட்டுப்பாட்டில் விற்கப்படுபவை. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோருக்கான பயிற்சியே முதலில். மாத்திரைக்குப் பயந்து மறுப்பவர்களும் உண்டு, மாத்திரை போட்டால் படிப்பு வந்துவிடும் என்று நம்புபவர்களும் உண்டு. அது பிள்ளையை இருபது நிமிடம் உட்காரவைக்கும். அந்த இருபது நிமிடத்தில் ‘நெ’யில் கொம்பு முன்னால் இருந்தாலும் ‘ந்’ முதலில் வரும் என்பதை யாராவது கற்றுக்கொடுத்தால்தான் வாசிப்பு வரும்.

அந்த மூன்றாவது பிள்ளைக்கு, இரண்டும் கலந்த பிள்ளைக்கு, இரண்டும் வேண்டும். கவனம் சீரானபின் வாசிப்பை மறுபடி சோதிக்கவேண்டும், ஏனென்றால் முதல் சோதனையில் எவ்வளவு எழுத்துப் பிழை, எவ்வளவு அவசரப் பிழை என்று பிரித்திருக்க முடியாது. வாசிப்புப் பயிற்சி ஆறு மாதம் நடந்தபின் கவனத்தையும் மறுபடி பார்க்கவேண்டும். முண்டியம்பாக்கமோ ஜிப்மரோ, இரண்டாம் முறை போகும்போது பழைய நோட்டுகளையும் புதிய நோட்டுகளையும் சேர்த்தே எடுத்துப் போகலாம்.